நாமும் நாங்களும்: மைக்கேல் ரோசனின் பள்ளி வருகைகளும் குழந்தைக் கவிதையின் கேட்போரும்

முன்னுரை

குழந்தை எழுத்தாளர் ஒருவர் பள்ளிக்கு வருவது பெரும்பாலும் விழாச் செய்தியாகவே பதிவாகிறது. அவர் வந்தார், கதை சொன்னார், பிள்ளைகள் மகிழ்ந்தனர், நூல்களில் கையொப்பமிட்டார் என்ற அளவில் அச்செய்தி முடிந்துவிடும். அவர்தம் படைப்புகளை ஆராய முற்படும் திறனாய்வாளரும் இப்பயணங்களை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பத்தியில் அடக்கிவிட்டுப் பனுவலுக்குச் சென்றுவிடுவார். பயணம் வேறு, பனுவல் வேறு என்னும் இப்பகுப்பு எல்லா எழுத்தாளருக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்றாக இங்கிலாந்தின் குழந்தைக் கவிஞர் மைக்கேல் ரோசன் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார். 1946-இல் பிறந்த ரோசன் 1974-இல் தம் முதல் கவிதைத் தொகுதியை வெளியிட்டது முதல் பள்ளிதோறும் சென்று பிள்ளைகள் முன் கவிதை நிகழ்த்திவருபவர். 2007 முதல் 2009 வரை அந்நாட்டின் குழந்தை இலக்கிய அரசவைப் படைப்பாளராகவும் விளங்கியவர். பள்ளி வருகை இவர் படைப்புகளைப் பரப்பிய வழி மட்டுமன்று, அவற்றை உருவாக்கிய இடமும் ஆகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அவ்வாறு உருவான படைப்புகளின் குறைகளுக்கும் அதே இடமே காரணமா என்பதையும் உடன் ஆராய்வது முறையாகும். நூற்பெயர்கள் இங்குத் தமிழ்ப்படுத்தித் தரப்படுகின்றன.

தொல்காப்பியம் தரும் கருவிகள்

எழுதப்பட்ட பனுவலை மட்டும் நோக்கும் அணுகுமுறைக்கு ரோசன் எளிதில் பிடிபடுவதில்லை. தொல்காப்பியச் செய்யுளியலோ செய்யுளின் உறுப்புகளாக எண்ணும் முப்பத்துநான்கனுள் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றையும் சேர்த்தே கூறுகிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கு நிகழ்கிறது என்பன அந்நூலின் பார்வையில் செய்யுளுக்குப் புறம்பான செய்திகள் அல்ல. மாத்திரையும் எழுத்தும் அசையும் போலவே செய்யுளின் உறுப்புகள்.

இவ்விடத்தில் ஒரு வரையறை தேவை. அகத்திணை மரபில் கேட்போர் எனப்படுபவர் பாடலுக்குள் இடம்பெறும் மாந்தரேயாவர். தலைவி சொல்லத் தோழி கேட்கிறாள். பாணன் சொல்லத் தலைவி கேட்கிறாள். அவையில் அமர்ந்து பாடலைக் கேட்பவர் இச்சொல்லால் குறிக்கப்படவில்லை. எனவே இக்கருவியை அப்படியே பள்ளிக்கூட அரங்கிற்குப் பொருத்துவது பிழையாகும். ஆனால் இவ்வேறுபாடே நமக்குப் பயன் தருகிறது. ரோசனின் கவிதைகளில் பாடலுக்குள் கேட்போர் ஒருவரும் பாடலுக்கு வெளியே கேட்போர் பலரும் உள்ளனர். நிகழ்த்தும்போது வெளியே இருப்போர் எவ்வாறு உள்ளே கொணரப்படுகின்றனர் என்பதைக் காண்பதே அவர் கலையின் இயல்பை அறியும் வழி எனலாம்.

வீடும் பள்ளியும்

ரோசனின் பெற்றோர் ஹெரால்டு ரோசன், கோனி ரோசன் இருவரும் ஆசிரியர்கள். பிள்ளைகளின் பேச்சுமொழியைத் திருத்தப்பட வேண்டிய குறையாகக் கருதாமல், சிந்தனையின் ஊடகமாகக் கண்ட கல்விச் சிந்தனை மரபைச் சார்ந்தவர்கள். இருவரும் இணைந்து எழுதிய ‘தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மொழி’ என்னும் நூல் 1973-இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், 1974-இல், குவென்டின் பிளேக்கின் ஓவியங்களோடு மகனின் முதல் தொகுதி வந்தது. பெற்றோர் வகுப்பறையில் கேட்டுக் குறித்த பேச்சை மகன் கவிதையின் மொழியாக்கினார் என்று இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது கூறத் தோன்றுகிறது. பிள்ளைகள் தமக்கு உரிமையான பேச்சிலிருந்தே எழுத்தைத் தொடங்கலாம் என்பதை ரோசன் பின்னர் 1989-இல் ‘நீ எழுதியது என் காதில் விழுந்ததா?’ எனப் பொருள்படும் தலைப்பில் தனி நூலாகவே விளக்கினார்.

இப்பின்புலம் ஒன்றைத் தெளிவாக்குகிறது. ரோசன் பள்ளிக்குச் செல்வது விருந்தினராக அன்று. அவர் கவிதைக்கு மொழியைக் கொடுத்த இடத்திற்கே அவர் திரும்பிச் செல்கிறார்.

அரங்கிலிருந்து அச்சுக்கு

ரோசனின் நூல்களுள் உலகெங்கும் மிகுதியாக அறியப்பட்ட ‘கரடி வேட்டைக்குப் போகிறோம்’ 1989-இல் ஹெலன் ஆக்சன்பரியின் ஓவியங்களோடு வெளிவந்தது. இதன் மூலம் அமெரிக்க நாட்டார் பாடலாகும். ரோசன் இதைத் தம் நிகழ்ச்சிகளில் பாடி நடித்துவந்தார். அதைக் கண்ட வாக்கர் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் டேவிட் லாய்டு நூலாக்கும்படி கேட்டதன் விளைவே இந்நூல். ஆகவே இது முதலில் நிகழ்த்தப்பட்டு, பின்னர் எழுதப்பட்ட பனுவல். அரங்கில் கையும் வாயும் எழுப்பிய ஒலிகளுக்கு அச்சில் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்நூலில் ஒவ்வோர் இடையூறுக்கும் தனித்தனியே அமைந்துள்ள இரட்டை ஒலிக்குறிப்புச் சொற்கள் இத்தேவையிலிருந்து பிறந்தவை.

கதை எளியது. ஒரு குடும்பம் கரடியைத் தேடிப் புறப்படுகிறது. உயர்ந்த புல், ஆறு, சேறு, காடு, பனிப்புயல் ஆகியவற்றைக் கடந்து குகையை அடைகிறது. கரடியைக் கண்டதும் வந்த வழியே தலைகீழ் வரிசையில் ஓடிவந்து படுக்கைக்குள் புகுந்துகொள்கிறது. இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது ‘போகிறோம்’ என்பதன் எழுவாய் யார் என்பதாகும். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைப் பெயர் முன்னிலையை உளப்படுத்துவது, உளப்படுத்தாதது என்ற வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. இந்நூலைத் தனித்து அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது ‘நாங்கள்’. ஓவியத்தில் உள்ள குடும்பத்தார் தம்மைப் பற்றிக் கூறுவது. பள்ளி அரங்கில் முந்நூறு பிள்ளைகள் உடன் சொல்லும்போது அது ‘நாம்’. சொல் ஒன்றே, களன் மாறும்போது அதன் இலக்கணப் பொருளே மாறிவிடுகிறது. பாடலுக்கு வெளியே இருந்த கேட்போர் கூற்றுக்கு உரியோராக மாறும் இடமும் இதுவே.

தமிழில் இதைப் பெயர்ப்போர் எழுவாயை வெளிப்படையாக எழுதினால் ஏதேனும் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும்; மற்றதை இழந்தாக வேண்டும். எழுவாயைத் தொக்கவைத்தாலோ ‘போகிறோம்’ என்னும் வினைமுற்று இரண்டையும் தாங்கிக்கொள்ளும். இந்நூலின் உயிர்நிலை இவ்விருபொருள் தன்மையில் உள்ளது என்பது மொழிபெயர்ப்பு நோக்கில் காணும்போதே தெளிவாகப் புலப்படுகிறது.

அச்சுக்கு வந்தபோது சேர்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நூலின் இறுதியில் கரடி கடற்கரை ஓரமாகத் தனியே நடந்து திரும்பும் காட்சியை ஆக்சன்பரி தீட்டியுள்ளார். அதற்குச் சொற்கள் இல்லை. அரங்கின் ஆரவாரத்தில் கரடியின் தனிமைக்கு இடமில்லை. எல்லாரும் ‘நாம்’ ஆகிவிட்ட இடத்தில் கரடி ஒன்றே புறத்தே நிற்கிறது. புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு மட்டுமே அது கிடைக்கிறது. அரங்கு தந்ததையும் அச்சு தந்ததையும் ஒன்று மற்றொன்றின் நிழல் எனக் கொள்ளாமல் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

அச்சிலிருந்து அரங்கிற்கு

1983-இல் வந்த ‘சீக்கிரம், இங்கிருந்து கிளம்பலாம்’ என்னும் தொகுதியில் சாக்லெட் கேக் பற்றிய நெடுங்கவிதை இடம்பெற்றுள்ளது. இரவில் எல்லாரும் உறங்கியபின் ஒரு சிறுவன் ஓசைப்படாமல் கீழிறங்கி வருகிறான். முதலில் உதிர்ந்த துகள்களை மட்டும் உண்கிறான். பிறகு வெட்டிய ஓரத்தைச் சமன் செய்வதாகத் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு, கேக் முழுவதையும் தின்று தீர்த்துவிடுகிறான். காலையில் அவன் முகமே அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கு வரும் மெய்ப்பாடு நகை. அது பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறுவனவற்றுள் இளமையும் பேதைமையும் இங்கு ஒருங்கே அமைகின்றன. ஆனால் நகைப்பவர் யார்? அறியாத சிறுவனைக் கண்டு பெரியவர் நகைக்கும் கவிதைகள் குழந்தை இலக்கியத்தில் மிகுதி. ரோசனின் கவிதையில் சிறுவனே ‘நான்’ எனப் பேசுகிறான். தாடி வைத்த நெடிய மனிதர் ஒருவர் பிள்ளைகள் முன் நின்று, கண்ணை உருட்டி, பலகை கிறீச்சிடும் ஒலியை எழுப்பி, திருடித் தின்ற தம் சிறுவயதுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். கேட்கும் பிள்ளைகள் மேலிருந்து நகைப்பவராக அன்றி உடந்தையானவராக நகைக்கின்றனர். பள்ளி என்பது பிள்ளைகள் தம் குற்றங்களை மறைக்கப் பழகும் இடம். அவ்விடத்தில் பெரியவர் ஒருவர் தம் குற்றத்தைக் கூறி நகைக்கவைப்பது சிறு செயலன்று.

இவ்வகைக் கவிதைகளைத் திறனாய்வாளர் ஜான் ரோ டவுன்செண்ட் ‘தெருப்பிள்ளைப் பாட்டு’ என்னும் பொருள்படும் தொடரால் சுட்டினார். தோட்டமும் தேவதையும் நிறைந்த பழைய குழந்தைப் பாடல்களிலிருந்து விலகி, தெருவையும் வீட்டுச் சச்சரவையும் பாடிய புதுப்போக்குக்கு அப்பெயர் பொருந்தும். ஆனால் ரோசனுக்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. தெருவைப் பாடுபொருளாக்கியதை அப்பெயர் காட்டுகிறது. கவிதையின் களன் பள்ளிக்கூடமாக மாறியதை அது காட்டவில்லை. ரோசனின் புதுமை பொருளில் இருப்பதைவிட, கூற்றும் கேட்போரும் அமைந்த முறையிலேயே மிகுதியும் உள்ளது.

இவ்விடத்தில் குறையையும் கூறியாக வேண்டும். யாப்பும் எதுகையும் இல்லாத இக்கவிதைகள் உரைநடையை வரிவரியாக முறித்தவையே என்னும் விமரிசனத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. நிகழ்த்துவோரின் குரல், இடைநிறுத்தம், முகக்குறிப்பு ஆகியவை நீங்கிய நிலையில் சில கவிதைகள் தாளில் மெலிந்து நிற்கின்றன. சாக்லெட் கேக் கவிதையில் அடிகளின் நீளமே சிறுவனின் மூச்சைக் காட்டுகிறது. அடி முறியும் இடத்தில் அவன் நின்று காது கொடுக்கிறான். அங்கு அச்சு நிகழ்த்துவோரின் பணியைத் தானே செய்கிறது. ஆனால் ஒரு குடும்பத் துணுக்கைச் சொல்லி, ஒரு முகச்சுளிப்பில் முடியும் கவிதைகளில் அவ்வாறு நிகழவில்லை. முகத்தை அச்சிட இயலாது. அரங்கில் வென்ற கவிதை என்பதாலேயே ஒன்று தாளிலும் வெல்லும் என்று கொள்வதற்கில்லை.

ஒரு வினாவும் ஒரு நூலும்

1983-ஆம் ஆண்டுத் தொகுதியில் எடி என்னும் சிறு குழந்தை பற்றிய கவிதைகளும் உள்ளன. எடி ரோசனின் மகன். பிறந்த நாளைக் கண்டு வியந்து ஆர்ப்பரிக்கும் அக்குழந்தையின் குறும்புகளைப் பிள்ளைகள் ஆண்டாண்டாகக் கேட்டுச் சிரித்துவந்தனர். 1999-இல், தம் பதினெட்டாம் வயதில், எடி மூளைக்காய்ச்சல் தொற்றால் திடீரென இறந்தார். நூலில் எடி குழந்தையாகவே இருந்தான். பள்ளிகளில் ரோசன் அக்கவிதைகளைப் படிக்கும்போது பிள்ளைகள் எடி இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டனர்.

இவ்வினாவின் கடுமையை உணரத் தொல்காப்பியர் கூறும் முன்னம் என்னும் உறுப்பு உதவுகிறது. இவ்விடத்தில், இவர், இவரிடம் கூறத்தக்கது இது என்று அறியவைப்பது முன்னம். மகனை இழந்த தந்தை, பள்ளிக்கூட அரங்கில், சிரிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் எதைக் கூறுவது தகும்? பொய் சொல்லலாம், பேச்சை மாற்றலாம், அக்கவிதைகளைப் படிப்பதையே நிறுத்திவிடலாம். மூன்றும் பள்ளி நிகழ்ச்சியின் மரபுக்கு உகந்தவையே. ரோசன் எடி இறந்துவிட்டான் என்றே கூறினார். பெரியவர்களுக்கென 2002-இல் அவர் எழுதிய ‘யானையைச் சுமத்தல்’ என்னும் நினைவுக் குறிப்புகளில் இத்துயரம் முன்னரே இடம்பெற்றிருந்தது. பிள்ளைகளின் வினாவுக்குப் பிள்ளைகளுக்கான மறுமொழியாக 2004-இல் ‘துயரப் புத்தகம்’ வந்தது. ஓவியம் தீட்டியவர் குவென்டின் பிளேக்.

நூலின் தொடக்கத்தில் ரோசன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஓவியம் உள்ளது. துயரத்தோடு இருந்துகொண்டு மகிழ்ச்சியாக இருப்பதாக நடிப்பதை அவ்விடத்திலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்த அதே முகம் இங்குத் தன்னைத்தானே ஐயுறுகிறது. அரங்கில் பயன்பட்ட முகக்குறிப்பு என்னும் கருவியே ஆய்வுக்கு உட்படுகிறது. ரோசனின் பள்ளி நிகழ்ச்சிகளை அறியாதவருக்கு இது ஒரு நல்ல தொடக்கம் மட்டுமே. அறிந்தவருக்கோ தம் கலை முழுவதையும் ஒரு கவிஞர் வினவும் இடம்.

இழவு பற்றிப் பிறக்கும் அழுகையோடு, இறந்துபோன மகன்மீதே எழும் வெகுளியையும் இந்நூல் மறைக்கவில்லை. மகன் வளர்ந்துவந்த படிநிலைகளைக் காட்டும் ஓவியச் சட்டகங்களின் வரிசையில் இறுதிச் சட்டகம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. கடைசிப் பக்கத்தில் எரியும் மெழுகுவத்தி ஒன்றின் முன் ரோசன் அமர்ந்திருக்கிறார், சொல் இல்லை. ஆறுதல் கூறி முடிக்கும் குழந்தை நூல்களின் வழக்கம் இங்குப் பின்பற்றப்படவில்லை. செய்யுளியல் கூறும் எச்சம், சொல்லாமல் விட்டதைக் கேட்போர் நிறைவுசெய்யும் உறுப்பு. பிள்ளைகள் கேட்ட வினாவிலிருந்து பிறந்த நூல், விடையின் ஒரு பகுதியைப் பிள்ளைகளிடமே விட்டுச்செல்கிறது.

‘நாம்’ என்று அரங்கு முழுவதையும் சேர்த்துக்கொண்ட கவிஞர் இங்கு ‘நான்’ என்றே பேசுகிறார். துயரத்தில் பிறரை வலிந்து உளப்படுத்துவதில்லை. ஆயினும் துயரம் எங்கும் இருப்பது, எவர்க்கும் வருவது என்று கூறும்போது கேட்கும் பிள்ளை விரும்பினால் உள்ளே வர வழி திறந்திருக்கிறது. ரோசனின் படைப்புகளுள் இதுவே மிகச் சிறந்தது என்பது என் மதிப்பீடு. பள்ளி வருகை இல்லையேல் இவ்வினா இல்லை. இவ்வினா இல்லையேல் இந்நூல் இவ்வடிவில் தோன்றியிராது.

வருகையின் எல்லைகள்

எழுத்தாளர் ஒரு நாள் வந்து செல்வதால் பள்ளியில் எது மாறும் என்ற ஐயம் நியாயமானது. இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் 1998-இல் எழுத்தறிவு மணிநேரம் புகுத்தப்பட்டபின் நூல்கள் முழுமையாகப் படிக்கப்படாமல் பகுதி பகுதியாகப் பயிற்சிக்குப் பயன்படும் நிலை வளர்ந்தது. இதைத் தொடர்ந்து கண்டித்தவர்களுள் ரோசனும் ஒருவர். 2009-இல் பிபிசி ஒளிபரப்பிய தொடர் ஒன்றிற்காக அவர் கார்டிஃப் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பத்து வாரங்கள் வாசிப்பை வளர்க்கும் முயற்சியில் ஈடுபட்டார். ஒரு நாள் வருகையின் போதாமையை அவரே உணர்ந்திருந்தார் என்பதற்கு அம்முயற்சியைச் சான்றாகக் கொள்ளலாம்.

அதே ஆண்டில் பள்ளிகளுக்குச் செல்லும் எழுத்தாளர்களும் 64 பவுண்டு கட்டணம் செலுத்திப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பிலிப் புல்மன் முதலான எழுத்தாளர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர்; 2010-இல் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பை வலியுறுத்தியோரின் கவலையைப் புறக்கணிக்க இயலாது. எனினும் எழுத்தாளர் பள்ளிக்குள் யாராக நுழைகிறார் என்னும் வினா அவ்விவாதத்தில் தீராமல் நின்றது. அவர் ஆசிரியர் அல்லர், அயலாரும் அல்லர்.

இலக்கிய நோக்கில் இதைவிட முதன்மையான எல்லை ஒன்று உண்டு. அரங்கின் ‘நாம்’ எல்லாரையும் உளப்படுத்துவதுபோல் தோன்றினாலும், உடன் சொல்லாமல் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்று எந்த அரங்கிலும் இருக்கும். கூச்சத்தால் இருக்கலாம்; வீட்டுமொழி வேறாக இருப்பதால் இருக்கலாம்; அன்று சிரிக்க மனமில்லாமலும் இருக்கலாம். ஒருங்கிணைந்த குரலின் வெற்றியை அளவுகோலாகக் கொள்ளும் நிகழ்ச்சி அப்பிள்ளையைக் காண்பதில்லை. ‘துயரப் புத்தகம்’ காண்கிறது. நகைக்கு உடனிருப்போர் வேண்டும்; துயரத்தைத் தனியே படிக்கலாம். ஆகவே அரங்கிற்குச் செல்லும் எழுத்தாளர் நூலையும் விட்டுச்செல்ல வேண்டியவராகிறார்.

முடிவுரை

2020 மார்ச்சில் இங்கிலாந்தின் பள்ளிகள் கொரோனா தொற்றால் மூடப்பட்டன. அந்நாள்களில் அந்நாட்டிலும் பிற நாடுகளிலும் பல வீடுகளின் சன்னல்களில் கரடிப் பொம்மைகள் வைக்கப்பட்டன. நடக்கவந்த பிள்ளைகள் அவற்றைத் தேடி எண்ணிச் சென்றனர். ‘கரடி வேட்டைக்குப் போகிறோம்’ நூலின் தூண்டுதலால் நிகழ்ந்தது இது. ரோசனோ அப்போது அதே தொற்றுக்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் 48 நாள்கள் கழித்து மீண்டார். பள்ளி இல்லை, அரங்கு இல்லை, நிகழ்த்துவோர் நினைவிழந்து கிடக்கிறார். ஆயினும் அப்பாடல் தனக்குரிய களனைத் தெருக்களில் தானே அமைத்துக்கொண்டது.

இந்நிகழ்வு இக்கட்டுரையின் கருதுகோளுக்கு எதிரானதுபோல் தோன்றலாம். எழுத்தாளர் வராமலே பாடல் நடந்ததே எனக் கேட்கலாம். உண்மையில் அது கருதுகோளைத் திருத்தி நிறைவுசெய்கிறது. அப்பாடல் பிள்ளைகளின் வாயில் ‘நாம்’ என முன்பே பழகியிருந்ததால்தான் பெரியவர் எவரும் முன்நின்று நடத்தாத நிலையிலும் அவர்களால் அதைத் தொடர முடிந்தது. எழுத்தாளரின் பயணத்தை அளப்பதற்குச் சென்ற பள்ளிகளின் எண்ணிக்கை போதாது. அவர் சென்றபின் கேட்போரிடம் தங்கிய கூற்று எது, கேட்போரிடமிருந்து அவர் எடுத்துச் சென்ற வினா எது என்பனவே உரிய அளவுகோல்கள். ரோசனிடம் முதலாவதற்குக் கரடி வேட்டையும் இரண்டாவதற்குத் ‘துயரப் புத்தக’மும் சான்றாகின்றன. குழந்தை இலக்கியத் திறனாய்வு பள்ளி வருகையை வாழ்க்கைக் குறிப்பிலிருந்து எடுத்துப் பனுவல் ஆய்வுக்குள் வைக்குமாயின், இதுவரை எளியன என ஒதுக்கப்பட்ட பல கவிதைகளின் அமைப்பும், புகழப்பட்ட சிலவற்றின் மெலிவும் ஒருங்கே வெளிப்படும்.